ஒரே பாஸ்வேர்டில் ஓடிய வார்டு

என் தங்கை கெசியா எட்டு வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு, மகன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு ஹெல்த் இன்ஃபர்மேடிக்ஸ் என்கிற முதுகலைப் படிப்பில் சேர்ந்தாள். அது என்ன படிப்பு என்று விஷ்ராந்த்வாடியில் எங்கள் சபையில் அவளிடம் கேட்காத ஆள் கிடையாது. ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பற்றி எழுதுகிறதையெல்லாம் கம்ப்யூட்டரில் எப்படி ஒழுங்காக வைப்பது, அதிலிருந்து என்ன தெரிந்துகொள்வது என்பதுதான் படிப்பு என்று அவளும் சளைக்காமல் சொல்லிப் பார்த்தாள். "அப்போ டைப்பிங் வேலையாம்மா?" என்று பாஸ்டர் அம்மா கேட்டதோடு விளக்கம் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

நான் கணக்கு டீச்சர். படிப்பு எனக்குப் புரிந்தது. தினமும் ஔந்த் வரைக்கும் அந்த டிராஃபிக்கில் ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு போய் முதுகை ஒடித்துக்கொள்கிறாளே, அதுதான் புரியவில்லை. கேட்டால், "வார்டுல நாங்க படுத பாடு சாஃப்ட்வேர் எழுதுதவனுக்குத் தெரியலக்கா. தெரிஞ்ச ஒருத்தி அங்க உக்காரணும்லா?" என்பாள்.

கடைசி வருஷ ஆய்வுக்குத் தான் வேலை பார்த்த தனியார் ஆஸ்பத்திரியையே எடுத்துக்கொண்டாள். அந்த வார்டின் இன்சார்ஜ் கிரிஜா சிஸ்டர். கெசியா பிள்ளை உண்டாகி வாந்தியில் சுருண்டு கிடந்தபோது அவளுடைய ட்யூட்டியையும் சேர்த்துத் தானே பார்த்த மனுஷி. இப்போதும் அனுமதி, கையெழுத்து என்று கெசியா போய் நின்றபோதெல்லாம் முகம் சுளிக்காமல் ஏற்பாடு செய்து கொடுத்தார்.

ஆய்வு எளிமையானதுதான். நோயாளியின் காய்ச்சல், பிரஷர், நாடித்துடிப்பு எல்லாம் கம்ப்யூட்டரில் உரிய நேரத்தில் ஏறுகிறதா? ஏறவில்லை. அது கெசியாவுக்கு முன்னாலேயே தெரியும். வார்டு முழுவதற்கும் ஒரே கம்ப்யூட்டர். நர்ஸுகள் கட்டில் கட்டிலாகப் போய்ப் பார்த்ததைப் புறங்கையில் ஒட்டிய பிளாஸ்திரியில் குறித்துக்கொண்டு, ட்யூட்டி முடிகிற சமயத்தில் மொத்தமாக ஏற்றுவார்கள். பார்த்த நேரம் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஏற்றிய நேரம்தான் தெரியும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. புதிதாகச் சேருகிற பெண்களுக்கு லாகின் வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். வந்தவர்களுக்கும் நடுவில் அது தானாக மூடிக்கொள்ளும். அதனால் கிரிஜா காலையில் தன் பாஸ்வேர்டைப் போட்டுத் திறந்து வைத்துவிடுவார், வார்டே அதில் ஏற்றும். கெசியாவும் எட்டு வருஷம் அப்படித்தான் ஏற்றினாள்.

இதையெல்லாம் அவள் விளக்கமாக எழுதினாள். ஒரு அத்தியாயமே இதுதான். அவளுடைய கைடு சிட்னிஸ் சார் படித்துவிட்டு அதை முழுதாக எடுக்கச் சொன்னார். பாஸ்வேர்டைப் பகிர்வது பெரிய குற்றம், வெளியே தெரிந்தால் தரவையே பயன்படுத்தக் கூடாது என்று ஆஸ்பத்திரி சொல்லிவிடும், பட்டம் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டாராம். கெசியா மன்றாடினாள், சண்டை போட்டாள், என் வீட்டுச் சமையலறையில் வந்து கத்தினாள். கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தாள்.

அந்த அத்தியாயம் போன இடத்தில் ஓர் அட்டவணை மட்டும் நின்றது. ஒவ்வொரு லாகினுக்கும் பெயருக்குப் பதிலாக ஓர் எண். தாமதமாக ஏறிய பதிவுகளில் பெரும்பாலானவை நான்காம் எண் ஊழியருடையவை என்று அது காட்டியது. சிட்னிஸ் சாருக்கு அந்த அட்டவணை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

ஆய்வைச் சமர்ப்பித்த சந்தோஷத்தில் கெசியா பேடா வாங்கிக்கொண்டு வார்டுக்குப் போனாள். கிரிஜா டப்பாவைத் திறக்கவேயில்லை.

"வா கெசியா. உன் தீசிஸ்ல நான்தான் ஹீரோயினாமே?"

தரவு வாங்கியபோது போட்ட ஒப்பந்தப்படி ஆய்வின் ஒரு பிரதி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறது. தரவே அவர்களுடையது, நான்காம் எண் யாரென்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்! நோயாளிகளை உரிய நேரத்தில் கவனிக்கவில்லை என்று கிரிஜாவுக்கு மெமோ வந்துவிட்டது. விசாரணை வேறு வைத்திருந்தார்கள்.

"இத்தன வருஷத்துல பிபி பாக்காம ஒரு பேஷண்ட விட்டிருக்கேனா? நீயே சொல்லு," என்றார் கிரிஜா. "தப்ப ஒத்துக்கிட்டு மெமோல சைன் பண்ணுங்கறாங்க. பண்ணல. வேலைய விட்டு அனுப்பினாலும் இதுல சைன் போட மாட்டேன்."

கெசியா நேராக சிட்னிஸ் சாரிடம் ஓடினாள். அவர் நிதானமாகத்தான் பேசினாராம். லாகின் பொது என்று இப்போது சொன்னால் அட்டவணை செல்லாது, அட்டவணை செல்லாவிட்டால் ஆய்வே இல்லை. ஹிஞ்சேவாடியில் ஒரு கம்பெனி வேலையோடு காத்திருக்கிறது. வைவா என்கிற வாய்மொழித் தேர்வு முடியட்டும், பிறகு மெதுவாகப் பேசலாம். மெதுவாகப் பேசுவதற்குள் விசாரணை முடிந்துவிடும் என்பதைப் பற்றி அவருக்கென்ன கவலை?

அன்றைக்கு என் வீட்டுக்கு வந்தவள் அழவில்லை, தட்டு டம்ளரையெல்லாம் டங் டங்கென்று வைத்தாள்.

"நர்ஸுங்க கஷ்டத்தச் சொல்லணும்னுதானே படிக்கப் போனேன். இப்ப பாரு, நான் எழுதுனத வச்சே அவங்க கழுத்தப் பிடிக்காவ."

"என்ன செய்யப் போற?"

"தெரியலக்கா. சொன்னா ரெண்டு வருஷப் படிப்பு போவுது. சொல்லலன்னா சிஸ்டர் பேரு போவுது."

இந்த இரண்டில் ஒன்றுகூட அவள் செய்த தப்பு இல்லையே! உண்மையை முதலிலேயே எழுதியவள் அவள்தானே!

வைவாவுக்கு ஆஸ்பத்திரியின் குவாலிட்டி மேனேஜரும் வந்திருந்தார். நான்காம் எண் ஊழியர் ஏன் இவ்வளவு தாமதம் செய்கிறார் என்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டார்.

"நான்காம் எண் ஒரு ஆள் இல்லை சார்," என்றாள் கெசியா. "அது மொத்த வார்டு. எட்டு வருஷம் அதில் நானும் இருந்தேன். நோயாளிகளை நேரத்துக்குப் பார்த்துவிடுவோம், ஏற்றுவதற்குத்தான் கம்ப்யூட்டர் கிடைக்காது."

தேர்வாளர் பேனாவை மூடினார். "அப்படியானால் உங்கள் அட்டவணையில் எந்த வரியை நம்புவது?"

"எதையும் நம்ப முடியாது சார்."

அவ்வளவுதான். ஆய்வு திரும்பி வந்தது. புதிய தரவு எடுத்து அடுத்த பருவத்தில் மறுபடி சமர்ப்பிக்க வேண்டும். ஹிஞ்சேவாடிக் கம்பெனி காத்திருக்க முடியாதென்று ஒரு வரியில் மெயில் அனுப்பியது. இதில் எனக்கு ஆறவே ஆறாத ஒன்று உண்டு. அந்த அத்தியாயத்தை எடுக்கச் சொன்ன அதே சிட்னிஸ் சார், வைவாவில் எதையோ முதல்முறையாகக் கேட்கிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். இதை இவ்வளவு தாமதமாகச் சொல்லலாமா என்று அவளையே கடிந்துகொள்ளவும் செய்தாராம். அந்த மனுஷனை நேரில் பார்த்தால் நான் என்ன பேசுவேனென்று எனக்கே தெரியாது.

அடுத்த வாரம் கெசியா என் வீட்டில் சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தபோது கிரிஜாவின் போன் வந்தது. கை மாவாக இருந்ததால் ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

"அந்த மெமோவ வாபஸ் வாங்கிட்டாங்க கெசியா."

கெசியா கண்ணை மூடி, "ஸ்தோத்திரம்" என்றாள்.

"இரு, முழுசாக் கேளு. இப்ப வேற மெமோ. பாஸ்வேர்டு குடுத்ததுக்கு. இன்சார்ஜ் போஸ்ட்டும் போச்சு. நாளையிலேர்ந்து நானும் மத்தவங்களோட ரெகுலர் ட்யூட்டி."

கெசியாவின் கை மாவிலேயே நின்றுவிட்டது. பிறகு, "நான் வாயத் தொறந்தாலும் உங்களுக்குத்தான் அடி, மூடுனாலும் உங்களுக்குத்தான் அடி, சிஸ்டர்," என்று விம்மினாள்.

"ஏய், எதுக்கு அழற? இதுல உடனே சைன் போட்டுட்டேன்," என்றார் கிரிஜா. "பாஸ்வேர்டு குடுத்தது நான்தான். பேஷண்டப் பாக்காம விட்டது நான் இல்ல."