பறியைப் பிடித்த கை

ஆட்டையாம்பட்டிக்குத் தெற்கே கவலை ஓட்டி வெள்ளாமை செய்த கருப்பண்ணனின் காடு எங்கள் காட்டுக்கு அடுத்தது. கிணற்று நீர் இறைக்கும் கவலையில் இரண்டு மாடுகள் சரிவான வாரியில் இறங்கி வடத்தை இழுக்கும். பறி என்கிற பெரிய சால் கிணற்றிலிருந்து தண்ணீரோடு மேலே வரும். ஓட்டுகிறவர் அந்த வடத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார். மாட்டின் இழுப்போடு அவருடைய கனமும் சேரும்.

கருப்பண்ணனும் தம்பி மாதையனும் முறை வைத்து ஓட்டினார்கள். 1934ஆம் வருஷம் மாசி மாதம், சிக்கிய பறியை எட்டி விலக்கப் போன மாதையன் கிணற்றில் விழுந்து இறந்தார். அவர் குதித்தார் என்று பின்னால் சிலர் சொன்னது தவறு. கால் வழுக்கியதை மறுகரையில் நின்று பார்த்தவன் நான்.

அடுத்த வருஷம் சித்திரையில் மாடுகள் பாதி வாரியில் நிற்க ஆரம்பித்தன. கழுத்தை நீட்டி முக்கும், வடம் முறுகும், பறி வராது. கிணற்றுக்குள் தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும். யாரோ அடியில் பிடித்துக்கொண்டிருப்பதுபோல் இருக்கும். யார் என்று எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நானும் அந்தப் பக்கம் பார்க்காமல்தான் தண்ணீர் கட்டினேன்.

கருப்பண்ணனின் மகன் தங்கமுத்து பூசாரியைக் கூட்டிவந்து சேவல் அறுத்தான். அன்று அப்பனைப் பூசாரிக்கு எதிரே உட்காரவைத்துவிட்டு அவனே கவலை ஓட்டினான். பறி சுலபமாக வந்தது. மறுநாள் கருப்பண்ணன் வடத்தில் ஏறியதும் மாடுகள் பழையபடி நின்றுவிட்டன. பேய்க்கு வேண்டியது அண்ணன்தான் என்று ஊர் முடிவு கட்டியது.

அவர் அதை மறுக்கவில்லை. மாதையன் போனதிலிருந்தே அரை வயிறுதான் உண்டுவந்தார்; இப்போது தமக்கு வரும் களியில் முதலில் ஒரு கவளம், பிறகு பாதி, அதற்குப் பிறகு பாதிக்கும் மேல் என்று தம்பிக்காகக் கிணற்றில் போட்டார். நடை தளர்ந்தது. வரப்பில் ஏறக் கையூன்றினார். சாட்டை கைநழுவி விழுந்தது. தம்பி இழுக்கிறான் என்றார்கள். அப்பனும் அதே கிணற்றில் விழுந்துவிடுவார் என்று தங்கமுத்து என்னிடம் வந்து அழுதான்.

ஆடி நோன்புக்குக் கருப்பண்ணனின் தங்கை ஆராயி குமாரபாளையத்திலிருந்து வந்தாள். குளித்துவிட்டு வந்த அண்ணன், நழுவும் அரைஞாண் கயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டே நடப்பதைக் கண்டாள்.

"ஏனுங்கண்ணா, அரணாக்கவுறு இடுப்புல நிக்க மாட்டீங்குது. சோறு உங்கறீங்களா இல்லீங்களா?"

"உங்கறன் அம்மிணி. அவனுக்கும் பசிக்குமல்லோ."

மாதையன் ஆராயிக்கும் கூடப் பிறந்தவர். அவள் தங்கமுத்துவைக் கூப்பிட்டு, சேவல் அறுத்த அன்று வடத்தில் இருந்தது யார் என்று கேட்டாள். அவன்தான் என்று தெரிந்ததும் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு போய் வடத்தில் ஏறி உட்கார்ந்தாள். எங்கள் பக்கம் பெண்கள் அதைச் செய்வதில்லை.

"அத்தே, உங்க கனத்துக்கு மாடு குமாரபாளையத்துலதான் போய் நிக்குமுங்க" என்றான் தங்கமுத்து.

"அந்தக் கனந்தாண்டா உங்கொப்பனுக்கு இல்ல. ஓட்டு."

பறி தளும்பத் தளும்ப மேலே வந்தது.

கிணற்றில் ஒன்றும் இல்லை என்று ஆராயி அண்ணனிடம் சொல்லவில்லை. சின்னண்ணன் பங்கை இனித் தானே போடுவதாகவும், அவர் பங்கை அவரேதான் உண்ண வேண்டும் என்றும் பேசி முடித்தாள். கார்த்திகை வரை ஊருக்குத் திரும்பவில்லை. பல் போன வாய்க்குக் களியை மோரில் கரைத்தாள். கொள்ளு ரசம், முட்டை, ஆட்டுக்கால் சாறு என்று ஆக்கி, உண்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தாள். வடத்தில் ஏற விடவில்லை, படுத்திருக்கவும் விடவில்லை. தடியைக் கையில் கொடுத்துக் காட்டுக்கு நடக்க வைத்தாள்; பிறகு மடை திருப்பச் சொன்னாள்; நாளடைவில் வாரியில் ஏறி இறங்கச் சொன்னாள். அரைஞாண் கயிற்றைச் சுருக்கி ஒரு முடிச்சுப் போட்டிருந்தாள். உடம்பு தேறத் தேற அது இறுகியது. அவள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினாள்.

முடிச்சை முழுதும் அவிழ்த்த அன்று கருப்பண்ணன் வடத்தில் ஏற வேண்டும் என்றார். தங்கமுத்து பயந்தான். ஆராயி மட்டும் சரி என்றாள். மாடுகள் நிற்காமல் இறங்கின. பறி மேலே வந்து தண்ணீரைக் கொட்டியது.

கருப்பண்ணன் இறங்கிக் கிணற்றோரம் போனார். கவலைத் தூணைப் பிடித்தபடி நெடுநேரம் கீழே பார்த்தார்.

"உட்டுட்டானே அம்மிணி" என்றார். "இத்தன நாளாப் புடிச்சிட்டிருந்தான்."

ஆராயி அவர் முழங்கையைப் பிடித்து நிழலுக்குக் கூட்டிப்போய்க் களிச் சட்டியைக் கையில் வைத்தாள். அழுதுகொண்டே முழுவதையும் உண்டார். அதன்பின் பல வருஷம் அவர் வடத்தில் உட்கார்ந்தார். 1943 தையில் வீட்டில், பாயில்தான் உயிர் போயிற்று.

அவர் மறுபடி வடத்தில் ஏறிய அன்று, உண்டு முடித்த பிறகு, சின்னண்ணனுக்கென்று எடுத்துவைத்திருந்த கவளத்தை ஆராயி கிணற்றில் போட்டாள். அது தண்ணீரில் விழுந்த சத்தத்துக்கு மாடுகள் இரண்டும் ஒரே சமயத்தில் தலையைத் திருப்பின.