அறிவுச்செல்வி படிக்காமல் போட்ட கையெழுத்து

எங்கள் ஊராட்சியின் உபதலைவர் அறிவுச்செல்வியைப் போல ஒரு சந்தேகப் பிராணியை ஆட்டையாம்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் நான் பார்த்ததில்லை. மாவு மில் நடத்துகிறவள். மில்லுக்காரியைத்தான் ஊர் சந்தேகப்படும். இவள் ஊரைச் சந்தேகப்படுவாள். ராகி கொண்டுவருகிறவர் கண்ணெதிரே இரண்டு தடவை எடை போட்டு, அவர் வாயாலேயே எடையைச் சொல்ல வைத்த பிறகுதான் சுவிட்சைப் போடுவாள். வீட்டுக்காரர் ஈஸ்வர், ரிக் வண்டியோடு வடக்கே போர்வெல் கிணறு போடப் போய் வருஷத்தில் எட்டு மாதம் அங்கேயே கிடப்பவர். போனில் அவர் இருமினால்கூட, பக்கத்தில் யார் என்று கேட்பாளாம். என் தங்கச்சி வயது, அதனால் அவள் இவள் என்றே எழுதுகிறேன். நான் மொய்தீன். மூன்றாவது வார்டு உறுப்பினர், ஹார்டுவேர் கடைக்காரன்.

உறுப்பினர்கள் ஒன்பது பேரும் சேர்ந்து தங்களுக்குள் ஒருவரை உபதலைவராகத் தேர்ந்தெடுக்க வேண்டும். எங்களுக்குள் இரண்டு கோஷ்டி. அவன் ஆள் வந்துவிடக் கூடாதென்று இவனும், இவன் ஆள் வந்துவிடக் கூடாதென்று அவனும் கணக்குப் போட்டு, கடைசியில் எந்தக் கோஷ்டியும் நம்பாத அறிவுச்செல்விக்கு ஓட்டு விழுந்தது. ஜெயித்தவள் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. தனக்கு எதற்காகப் போட்டார்கள் என்று மூன்று நாள் என்னைக் குடைந்தாள்.

டெல்லியில் நாடாளுமன்றம் எத்தனை கை தூக்கினாலும் ஜனாதிபதி கையெழுத்து விழாமல் மசோதா சட்டமாகாது. எங்கள் ஊரில் அது தலைகீழ். தலைவர் காளியண்ணன் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டு வந்தவர்; உறுப்பினர் கூட்டத்தைக் கூட்டுகிறவரும் அவர்தான். ஆனால் அவர் கையெழுத்து மட்டும் இருந்தால் ஊராட்சிப் பணம் ஒரு ரூபாய் நகராது. கூடவே உபதலைவர் கையெழுத்தும் விழ வேண்டும். இப்போது அது கம்ப்யூட்டர் கையெழுத்து. பென்டிரைவ் மாதிரி ஆளுக்கொன்று கொடுத்திருக்கிறார்கள், டோங்கிள் என்று பெயர். பக்கத்து ஊராட்சிகளில் இரண்டு டோங்கிளும் ஆபீஸ் பீரோவிலேயே தூங்கும். காளியண்ணனும் முதல் நாளே சிரித்துக்கொண்டே அதைக் கேட்டுப் பார்த்தார். அறிவுச்செல்வி அதைச் சாவிக்கொத்தில் கோத்து இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பில்லையும் எழுத்துக் கூட்டி வாசித்த பிறகுதான் டோங்கிளைச் செருகுவாள். ஒருமுறை பைப் போட்ட பில் வந்தபோது, தன் பழைய புடவையைப் பிடித்துத் தெரு முழுக்க அளந்துவிட்டு வந்தாள். காளியண்ணனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் மனுஷர் கோபத்தை வெளியே காட்டாதவர். அதுதான் எனக்கு அப்போதே சரியாகப் படவில்லை.

புரட்டாசி மாதம் ஒரு காலையில், அவள் வார்டின் பொதுக் கிணற்றை ஒட்டிய புறம்போக்கில் ஜேசிபி வந்து நின்றது. ஜவ்வரிசி மில்லின் கழிவுத் தண்ணீரைத் தேக்கக் குட்டை வெட்டப் போகிறார்களாம். அந்தத் தண்ணீர் நாற்றம் எங்கள் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. பக்கத்தில் குட்டை வந்தால் கிணறு அவ்வளவுதான். நாற்பது வீடு குடிக்கிற கிணறு. யாரைக் கேட்டு வெட்டுகிறாய் என்று அவள் பாய, டிரைவர் ஒரு ஜெராக்ஸை நீட்டினான். ஆட்சேபணை இல்லை என்று ஊராட்சித் தீர்மானம். முன்மொழிந்தவர் அறிவுச்செல்வி. வழிமொழிந்தவர் மொய்தீன்.

நேரே என் கடைக்கு வந்தாள். கடையில் ஆள் நிற்கிறதென்றும் பார்க்கவில்லை.

"எத்தன வாங்குனீங்க பாய்?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த ஆணிப் பெட்டியைக் கீழே போட்டேன். உன் பேரும்தான் இருக்கிறது, நீ எத்தனை வாங்கினாய் என்று திருப்பிக் கேட்டேன். அப்புறம் இருவரும் உட்கார்ந்து ஜெராக்ஸின் தேதியைப் பார்த்தோம். ஆடி மாதக் கூட்டம். டீயும் போண்டாவும் வந்ததும் ஊராட்சிச் செயலர் தீர்மானப் புத்தகத்தைச் சுற்றுக்கு விட்டார். எங்கள் வழக்கம் அப்படி: பக்கத்தின் அடியில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவோம், மேலே இருக்கிற காலியிடத்தில் செயலர் பிறகு எழுதிக்கொள்வார். நான்கு வருஷமாக இதுதான் நடக்கிறது. கூட்டத்துக்கு வந்ததற்கு அத்தாட்சி என்றுதான் நினைத்திருந்தோம். டோங்கிளை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தவள், அந்தப் புத்தகத்தில் மட்டும் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு போகிற போக்கில் போட்டுக்கொண்டே வந்திருக்கிறாள். பூட்டைக் காவல் காத்தவள் கூரையைப் பார்க்கவில்லை.

காளியண்ணனிடம் போனோம். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"நீங்க படிக்காம எதுலயும் கையெழுத்துப் போட மாட்டீங்கன்னு ஊருக்கே தெரியுமுங்களே அம்மணி. இப்பப் போயி படிக்காமப் போட்டேன்னா ஆரு நம்புவாங்க?"

அந்தப் பேச்சு அவளை அப்படியே உட்கார வைத்துவிட்டது. தீர்மானத்தை ரத்து செய்ய இன்னொரு தீர்மானம் வேண்டும். அதற்குக் கூட்டம் வேண்டும். கூட்டத்தைக் கூட்ட வேண்டியவர் எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பார்க்கலாமுங்க என்றார். கிணற்றைச் சுற்றியிருந்த வீட்டுக்காரர்கள் மறித்துக்கொண்டதால் ஜேசிபி மட்டும் மண்ணைத் தொடாமல் அங்கேயே நின்றது.

அக்டோபர் இரண்டு கிராம சபையில் அவள் எழுந்து நின்று, வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டது என் தப்புதான் என்று சொன்னாள். காளியண்ணன் சொன்னபடியே ஆனது. ஊராட்சித் துப்புரவுப் பணியாளர் மாரியாயி, அதே கிணற்றுத் தெருக்காரர், எல்லோருக்கும் முந்திக்கொண்டு கேட்டார். "என்ற அரைப்படி ராகிய ரெண்டு தடவ எட போடறவ நீ. நீயா சாமி படிக்காமப் போட்ட?" கூட்டம் சிரித்தது. நான் எழுந்து, நானும் அப்படித்தான் போட்டேன் என்றேன். முன்மொழிந்தவளும் வழிமொழிந்தவரும் சேர்ந்து நாடகமாடுகிறார்கள் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மறுநாளிலிருந்து ஜவ்வரிசி மில்காரர் என் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அவள் மில்லுக்கும் கிணற்றுத் தெருவிலிருந்து தானியம் வரவில்லை.

அப்போதுதான் அவள் அதைச் செய்தாள். உறுப்பினர் கூட்டம் கூட்டும் வரைக்கும் எந்தப் பில்லுக்கும் டோங்கிள் செருக மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். பல்பு வாங்கவும் பணமில்லை, மோட்டார் ரிப்பேருக்கும் பணமில்லை. காளியண்ணன் அசையவில்லை. சம்பளம் நிற்கட்டும், ஊரே அவள் வீட்டு வாசலில் போய் நிற்கும் என்று காத்திருந்தார். தீபாவளிக்கு முந்தைய சம்பளம் நின்றது. மாரியாயிக்கும் நின்றது.

முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சம்பளம் நின்றவர்கள் யாரும் அவள் வாசலில் சண்டைக்குப் போய் நிற்காததைப் பார்த்து, தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது காளியண்ணன்தான் இறங்கி வந்து கூட்ட நோட்டீஸ் அனுப்பினார். ஆறு கை தூக்கித் தீர்மானம் ரத்தானது, ஜேசிபி திரும்பிப் போனது, அன்று மத்தியானமே சம்பளத்துக்கு அவள் டோங்கிளைச் செருகினாள். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்கு இரண்டு நாள் முந்தி நடந்ததை.

நான் அவள் மில்லுக்குப் போயிருந்தேன். உண்மையைச் சொன்னால், விட்டுக்கொடுத்துவிடு என்று சொல்லத்தான் போனேன். ஏழைகள் வயிற்றில் அடித்துக்கொண்டு என்ன நியாயம் வேண்டிக் கிடக்கிறது என்று ஆரம்பித்தபோது மாரியாயி உள்ளே வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நான் எழுந்து நடுவில் நின்றேன். மாரியாயி என்னைப் பார்க்கவே இல்லை.

"பேரனுக்குத் துணி எடுக்கல சாமி. இருந்தாலும் சொல்றன், கையெழுத்துப் போட்டுராத. சம்பளம் அடுத்த மாசமும் வரும், கெணத்துத் தண்ணி போனா வராது. நீ காசு வாங்கியிருந்தீன்னா இத்தன நாள் இப்பிடி நின்னுருக்க மாட்ட."

சொல்லிவிட்டு, அவள் பதிலுக்கும் நிற்காமல் போய்விட்டார். அறிவுச்செல்வி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள்.

"பாய், மாரியாயக்காள ஆரு அனுப்பிச்சது? காளியண்ணனா?"

எனக்கு வந்ததே கோபம். ஆணிப் பெட்டியைப் போட்ட நாளை விட்டால், இத்தனை வருஷத்தில் அவளிடம் நான் குரல் உயர்த்தியது அன்று ஒருநாள்தான்.

"ஒருத்தரும் அனுப்பல அம்மணி. உன்னய நம்பித்தான் வந்துட்டுப் போகுது. ஒருத்தர் நம்புனா அப்பிடியே வாங்கிக்கத் தெரியாதா உனக்கு?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய் மில் சுவிட்சைப் போட்டாள். அரைக்க ஒரு பிடி தானியம்கூட இல்லை. அந்த இரைச்சலில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனால் தோள் குலுங்குவது தெரிந்தது. நான் ஹோட்டலுக்குப் போய் இரண்டு டீ வாங்கிக்கொண்டு வந்தேன். அதுவரைக்கும் மில் வெறுமனே ஓடிக்கொண்டுதான் இருந்தது.