அத்தையின் மிளகாய்ச் செடிகளுக்குப் பேன் வந்தபோது

ஓசூரில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டில் வெயில் வரும் ஜன்னல் ஒன்றே ஒன்றுதான். அதை என் அத்தை மிளகாய்ச் செடிகளுக்குக் கொடுத்துவிட்டாள். மழைக்காலத்தில் என் பள்ளிக்கூடப் பாவாடை ஈரம் காயாமலே இடுப்பில் ஏறியதற்கு அந்தச் செடிகள்தான் காரணம். ஆனாலும் வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கல்யாணமான வருஷமே மாமா லாரி மோதி இறந்துபோனார். ஊர் திருநெல்வேலிப் பக்கம். அங்கே காலையில் வெளியே கிளம்புகிறவர்கள், அத்தை எதிரே வந்தால் வீட்டுக்குத் திரும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார்களாம். அப்பா ஒரு நாள் போய் அவளை இங்கே கூட்டி வந்துவிட்டார். ஓசூரில் அவளை ஒருவருக்கும் தெரியாது. தெருவில் பாதிப் பேர் தெலுங்கு பேசினார்கள், பாதிப் பேர் கன்னடம் பேசினார்கள். எதிரே யார் வருகிறார்கள் என்று பார்க்க நேரமில்லாமல் எல்லோரும் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். அப்படியும் அத்தை படி இறங்கவில்லை. மொட்டை மாடிக்குக்கூடப் போகமாட்டாள். இந்த ஊர்க் குளிர் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மா சொன்னாள். நான் நம்பினேன்.

அம்மா வற்றல் கிள்ளும்போது சிதறிய விதைகளைத்தான் அத்தை முதலில் பழைய டின்களில் போட்டாள். அவை முளைத்து, வளர்ந்து, வெள்ளை வெள்ளையாகப் பூத்தன. தினமும் காலையில் ஒவ்வொரு பூவையும் விரல் நுனியால் மெல்லத் தட்டுவாள்.

“வீட்டுக்குள்ள காத்து ஏது? நாமதான் தட்டி விடணும். அப்பதான் காய் பிடிக்கும்” என்பாள். அன்றைக்கு அவள் பேசிய மொத்தப் பேச்சும் சில சமயம் அவ்வளவுதான்.

அவளைச் சந்தோஷப்படுத்த அப்பா ஒரு காரியம் செய்தார். கம்பெனி வேலையாகப் பெங்களூர் போனவர் அங்கிருந்து ஒரு குடைமிளகாய்ச் செடியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். அதை மற்றச் செடிகளுக்கு நடுவில், மாப்பிள்ளையை உட்கார வைப்பதுபோல வைத்தார். கூடவே பேனும் வந்திருந்தது அவருக்குத் தெரியாது.

அசுவினி என்று அதற்குப் பெயர் இருப்பதை நான் பெரியவளான பிறகுதான் தெரிந்துகொண்டேன். அப்போது எங்களுக்கு அது செடிப் பேன். இலையைத் திருப்பினால் பச்சைப் பச்சையாய்க் கடுகைவிடச் சின்னதாக அப்பிக்கொண்டிருக்கும். கொழுந்தெல்லாம் சுருண்டது. இலைகள் தொட்டால் பாகுபோல் ஒட்டின. அந்த இனிப்புக்கு ஜன்னல் கட்டை வழியாக எறும்புகள் வரிசை கட்டின. மொட்டுகள் விரியாமலே உதிர்ந்தன. அத்தை, இங்கே வந்த புதிதில் செய்ததுபோல, மறுபடியும் சாப்பாட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்திருக்க ஆரம்பித்தாள்.

அப்பா கம்பெனி கேன்டீனில் விசாரித்தார். சாம்பல் தூவு, புகையிலைத் தண்ணி தெளி, மண்ணெண்ணெய் ஊற்று என்று ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்களாம். அப்பா சோப்புத் தண்ணீரைத் தேர்ந்தெடுத்தார். அளவு கூடினால் வேலை சீக்கிரம் முடியும் என்ற நம்பிக்கையில் சலவைத் தூளைக் கைநிறைய அள்ளிக் கரைத்துத் தெளித்தார். மறுநாள் இலை ஓரமெல்லாம் கருகியிருந்தது. பேன்கள் குளித்துவிட்டு வந்தவைபோல் பளபளப்பாக இருந்தன.

“அண்ணே, இனி நீ இதுல கைய வைக்காத” என்றாள் அத்தை. அவள் அப்பாவிடம் குரல் உயர்த்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்பா திட்டு வாங்கியவர் மாதிரியே இல்லை. சந்தோஷமாகத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

அதன் பிறகு அத்தையே வேலையில் இறங்கினாள். பெங்களூர்ச் செடியைத் தனியாகப் பிரித்துக் குளியலறை ஜன்னலுக்கு அனுப்பினாள். டின்களைத் தண்ணீர் ஊற்றிய தட்டுகளில் வைத்து எறும்பின் வழியை அடைத்தாள். குளிக்கிற சோப்பைத் துளி கரைத்து, துணியை நனைத்து, ஒவ்வொரு இலையின் அடிப்பக்கத்தையும் குழந்தைக்கு மூக்குத் துடைப்பதுபோலத் துடைத்தாள். பேன் குறைந்தது. ஆனால் விரல் நுழையாத கொழுந்துக்குள் மீண்டும் மீண்டும் முளைத்தது.

கீழ் வீட்டில் தேங்காய் மண்டி வைத்திருந்த பாய் குடும்பம் இருந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்து நானும் பாயின் மனைவியைச் சாச்சி என்றுதான் கூப்பிடுவேன். பாத்திரம் திருப்பிக் கொடுக்க மேலே வந்த சாச்சி செடியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“அய்ய, இதுவா? ஏரிக்கு அந்தாண்ட அவரக் காட்டுல இதே பேன்தான் அப்பிக்கிட்டுக் கெடக்குது. செவப்பா, கறுப்புப் புள்ளி வெச்ச வண்டு ஒண்ணு இருக்கு பாரு, அது வந்தா சுத்தமா மேஞ்சுடும். நாலு புடிச்சாந்து உட்டுப் பாரேன்.”

அத்தை என்னை அனுப்பினாள். அவரைக் காடு எனக்குத் தூரம். வீட்டுக்காரர் பின்பக்கம் கத்தரி போட்டிருந்தார். அதில் புள்ளி வைத்த வண்டுகள் ஏராளமாக இருந்தன. தீப்பெட்டி நிறையப் பிடித்து வந்து பெருமையுடன் செடியில் விட்டேன். அத்தை குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“ஏட்டி, இது பேனத் திங்கலட்டி, எலையத் திங்குது!” என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். சத்தமாகச் சிரித்தாள். அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு ஓடிவந்து எட்டிப் பார்த்தாள்.

மறுநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா எனக்கு முன்னால் பையோடு படி ஏறிக்கொண்டிருந்தாள். ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். மேலே கதவு திறந்து கிடந்தது. அத்தை இல்லை. சமையலறையில் இல்லை, குளியலறையில் இல்லை. அம்மா அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு சர்க்கரைப் பையை அப்படியே தரையில் போட்டுவிட்டுப் படிகளில் இறங்கி ஓடினாள்.

அம்மா தெருப் பக்கம் போகவில்லை. பின்பக்கம் ஓடி, கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே குனிந்து பார்த்தாள். சத்தம் கேட்டு வந்த சாச்சியும் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் நின்று குனிந்தார். “ஒண்ணுமில்ல, தண்ணி தெளிவாத்தான் கீது” என்று அம்மாவின் தோளைப் பிடித்தார். முதல் ஷிப்ட் முடிந்து வந்த அப்பா விஷயத்தைக் கேட்டதும், கம்பெனிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் ஏரிப் பக்கம் ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

ஏரிக்கரைக்குப் பாதி தூரத்தில் அத்தை எதிரே வந்தாள். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். முழங்கால் வரை சேறு. ஒரு கையில் வாய்க்குத் துணி கட்டிய ஊறுகாய் பாட்டில், மறு கையில் முந்தானை மூட்டை.

“அவரக் காட்டுக்குப் போனேன்ணே” என்றாள், மூச்சு வாங்க. “இவளுக்கு வண்டு பாக்கத் தெரியல. அந்தத் தோட்டக்காரரு தெலுங்குல என்னமோ கேட்டாரு. எனக்கு ஒண்ணும் புரியல. பாட்டிலக் காட்டுனேன். சிரிச்சிட்டு, மடி நிறைய அவரக்காயப் போட்டுட்டுப் போனாரு.”

அப்பா பாட்டிலை வாங்கிக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். சிவப்பு வண்டுகள் கண்ணாடியில் ஏறிக்கொண்டிருந்தன.

“நல்ல வண்டா இருக்கு” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் முகம் கழுவினார்.

வண்டுகள் பறந்து போகாமலிருக்க ஜன்னலுக்குப் பழைய சேலையைக் கட்டினோம். அவை மேய்ந்தன. முட்டையிட்டன. அவற்றின் குஞ்சுகள் குட்டி முதலைகள் மாதிரி ஊர்ந்து, வண்டுகளைவிடப் பசியாகத் தின்றன. கொழுந்துகள் நிமிர்ந்தன. பூக்கள் உதிராமல் நின்றன. காய்கள் தொங்கின. கருகிய பெங்களூர்ச் செடிகூட ஒரே ஒரு குடைமிளகாய் காய்த்தது. அதை அப்பா தானே நறுக்குவேன் என்று பிடிவாதம் பிடித்தார். அடுத்த அவரைக் காய்ப்புக்குள் அத்தை சந்தைக்குப் போய்வரப் பழகியிருந்தாள். புதிதாக எந்தச் செடி வாங்கினாலும் சில நாள் குளியலறையில் ஒதுக்கி வைத்து, இலையைத் திருப்பிப் பார்த்த பிறகுதான் ஜன்னலுக்கு அனுமதிப்பாள்.

முதல் காய் பறித்த அன்று அம்மா கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். பல நாளாக எனக்குள் இருந்த சந்தேகத்தைக் கேட்டேன்.

“அன்னைக்கு அத்தையைக் காணோம்னதும் எதுக்கும்மா கிணத்துல போய்ப் பாத்த? வண்டு கிணத்துலயா இருக்கும்?”

அம்மா வாளியை இழுத்துக் கிணற்றுச் சுவர்மேல் வைத்தாள்.

“எனக்கு என்னட்டி தெரியும், வண்டப் பத்தி” என்றாள்.

பாவம், தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். கிணற்றடியிலேயே உட்காரவைத்து, புள்ளி வண்டு எந்தச் செடியில் இருக்கும், எதைத் தின்னும், எங்கே தேட வேண்டும் என்று விளக்கமாகச் சொல்லிக்கொடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் சொன்ன எல்லாவற்றுக்கும் அம்மா தலையாட்டினாள்.