அடியிலும் இழைத்த பெஞ்சு

சூடாமணிக்கு டீ வாங்கிக் கொடுத்தவர் என்று அந்த வட்டார அலுவலகத்தில் ஒருவரைக்கூடக் காட்ட முடியாது. கொடுக்க முயன்றவர்கள் ஏராளம். நந்தனம் குடியிருப்பிலிருந்து பஸ் ஏறும்போதே ஃப்ளாஸ்க்கில் காபி கொண்டுவந்துவிடுவாள். மாநகராட்சி வேலைகளுக்கு டெண்டர் விடும் பிரிவுக்குக் கண்காணிப்பாளராக வந்த பிறகு பிஸ்கட்டும் சேர்ந்துகொண்டது. திமிர் பிடித்த பொம்பளை என்று காண்டிராக்டர்கள் பேசிக்கொண்டார்கள். பேசட்டுமே. அந்தத் திமிர் இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை.

டெண்டர் என்பது கேட்பதற்கு அழகான ஏற்பாடு. போட்டி போடுகிறவர்கள் ஆளுக்கொரு உறையில் விலையை எழுதி, அரக்கு வைத்து, பெட்டியில் போட வேண்டும். எல்லார் முன்னாலும் பிரித்துப் படிப்பார்கள். குறைந்த விலைக்காரருக்கு வேலை. ஆனால் பெட்டி திறப்பதற்கு முன்பே எதிர் டீக்கடையில் காரியம் முடிந்துவிடும். இந்தத் தடவை யாருக்கு என்று அங்கே பேசி வைத்துக்கொண்டு, மற்றவர்கள் ஒப்புக்கு விலையை ஏற்றி எழுதுவார்கள். விட்டுக்கொடுத்தவர்களுக்கு ஜெயித்தவர் வேலையில் கொஞ்சம் பிய்த்துக் கொடுப்பார். இதற்கு ரிங்கு என்று பெயர். ரிங்குக்குத் தலைவர் கபாலி. வாய் நிறைய வெற்றிலையும் வாய் ஓயாத பேச்சுமாக அவர் நடுவில் உட்கார்ந்தால் டீக்கடை பஞ்சாயத்து மேடை ஆகிவிடும்.

இந்த லட்சணத்தில் வாங்கிய பள்ளிக்கூட பெஞ்சுகள் அடுத்த பொங்கலைப் பார்க்காது. ஒருமுறை மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்குக் கணக்கெடுக்கப் போன சூடாமணி, உடைந்த பெஞ்சுகள் மூலையில் குவிந்து கிடக்க, பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து எழுதுவதைப் பார்த்தாள். அன்றிலிருந்து பொறியாளர் ஸ்ரீரங்கனை விடவில்லை. அவர் நல்ல மனிதர்தான், ஆனால் வம்பு என்றால் காத தூரம் ஓடுகிறவர். அவரை நச்சரித்து, அவர் மேலிடத்தை நச்சரித்து, கடைசியில் மெட்ராஸ் சென்னையாகப் பெயர் மாறிய வருஷம் அனுமதி வந்தது. இனி விலை மட்டும் போதாது. ஆளுக்கொரு மாதிரி பெஞ்சு செய்து தர வேண்டும். பெயர் கூடாது, எண் மட்டும். ஒரு மாதம் பிள்ளைகள் அதில் உட்காருவார்கள். பிறகு பொறியாளர், அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியை, சூடாமணி மூவரும் மதிப்பெண் போடுவார்கள். பாதி மதிப்பெண் பெஞ்சுக்கு, பாதி விலைக்கு.

அறிவிப்பு ஒட்டிய அன்று மீர்சாகிப்பேட்டை ஷரஃபுதீன் வந்து நின்றார். சின்ன மரப்பட்டறைக்காரர். ரிங்கு பிய்த்துக் கொடுக்கும் வேலையில்தான் அவர் பட்டறை ஓடியது. பள்ளிகளில் பெஞ்சு ரிப்பேர் செய்து சூடாமணிக்கும் பழக்கம்.

"மேடம், கபாலி அண்ணன் கூப்ட்டு வுட்டார். நான் வரலைன்னுட்டேன். தனியா போடப் போறேன். தோத்தா இனிமே அவுங்க யாரும் எனக்கு வேலை தர மாட்டாங்க. பட்டறைய மூட வேண்டியதுதான். நெசமாவே ஒழுங்கா நடக்குமா?"

"நடக்கும் பாய்" என்றாள் சூடாமணி. ஒரு கணம்கூட யோசிக்காமல் சொன்னாள். பிறகு பல நாள் அந்த வார்த்தை அவளை அரித்தது.

மாதம் முடிந்தது. மூவரும் வகுப்பறைக்குள் போனார்கள். பிள்ளைகள் தங்கள் பங்குக்கு ஏறி மிதித்து, ஆட்டி, பெயரைச் செதுக்கிப் பரீட்சையை முடித்திருந்தார்கள். சூடாமணி ஒவ்வொரு பெஞ்சிலும் உட்கார்ந்து எழுந்தாள். மூன்றாம் எண் பெஞ்சில் உட்கார்ந்தபோது கை தற்செயலாகப் பலகைக்கு அடியில் போனது. மேலே போலவே அடியிலும் வழவழவென்று இருந்தது. சூடாமணிக்குத் திக்கென்றது.

பலகையின் அடிப்பக்கத்தை யாரும் இழைக்க மாட்டார்கள். யார் பார்க்கப் போகிறார்கள்? ஷரஃபுதீன் ஒருவர்தான் ரிப்பேர் வேலையில்கூட அதை இழைத்து உப்புத்தாள் போடுவார். ஏன் என்று அவள் முன்பு கேட்டிருக்கிறாள். "புள்ளைங்க கை அடியிலதான் மேடம் போவும். சிராய் குத்துனா அழும்ல?" என்றிருந்தார். பெயரை மறைக்கச் சொன்னார்கள், மறைத்தார். தன் கையை மறைக்க அந்த மனிதருக்குத் தெரியவில்லை.

சூடாமணி அதற்குத்தான் அதிக மதிப்பெண் போட்டாள். நல்ல பெஞ்சு, அதனால் போட்டேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பஸ்ஸில் போகும்போது அந்தச் சமாதானம் கரைந்துபோனது. பெஞ்சுக்காகப் போட்டதா, பாய்க்காகப் போட்டதா? அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. பிரிக்க முடியாததுதான் தப்பு என்று தோன்றியது.

மறுநாள் விலை உறைகளைப் பிரிப்பதற்கு முன் எழுந்து நின்றாள்.

"சார், மூணாம் நம்பர் யாரோடதுன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. என் மார்க் எதையும் சேர்க்காதீங்க."

ஸ்ரீரங்கன் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, யாரும் கேக்கலையே. உங்களுக்கு ஏன் இந்த வேலை?"

"யாரும் பாக்கலைன்னுதானே சார் அந்த டீக்கடையிலயும் பேசறாங்க?"

மற்ற இருவரின் மதிப்பெண்ணை மட்டும் வைத்துக் கூட்டினார்கள். விலையும் சேர்ந்தபோது மூன்றாம் எண் இரண்டாவதாகப் போனது. முதலாவது யார் என்று பெயரைப் பிரித்தால், கபாலி! நிஜமாகவே போட்டி என்று தெரிந்ததும் பயந்துபோய், ஆயுசில் முதல் தடவையாக உருப்படியான பெஞ்சு செய்திருந்தார் மனிதர்.

"இன்னா மேடம், என்னை இப்படி வேலை வாங்கிட்டீங்க! பட்டறைலயே குந்திக்கினு மரம் மரமா தட்டிப் பாத்தேன்" என்று பல்லெல்லாம் சிவப்பாகச் சிரித்தார். சூடாமணியால் சிரிக்க முடியவில்லை. பள்ளிக்கு நல்ல பெஞ்சு கிடைத்துவிட்டது. நம்பி வந்தவர் தோற்றுவிட்டார். இரண்டையும் செய்தது அவள்தான்.

சாயங்காலம் ஷரஃபுதீன் வந்தார். சுற்றி வளைக்காமல் நடந்ததை அப்படியே சொன்னாள். என் மதிப்பெண்ணை நான் விலக்கிக்கொள்ளாமல் இருந்திருந்தால் நீங்கள் ஜெயித்திருப்பீர்கள் என்பதையும் சொன்னாள்.

திட்டப்போகிறார் என்று காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

"தெரிஞ்ச ஆளுன்னு எனக்குப் போட்டீங்கன்னா, நாளைக்கு இன்னொரு தெரிஞ்ச ஆளுக்கும் போடுவீங்க" என்றார் அவர். "ஒண்ணு செய்யுங்க மேடம். அடுத்த டெண்டர்ல, அடியிலயும் இழைக்கணும்னு எல்லாருக்கும் எழுதிப் போட்டுருங்க. அப்போ என்னுது எதுன்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"பாய், உங்ககிட்ட இருக்கறதே அந்த ஒண்ணுதான். அதையும் எல்லாருக்கும் குடுத்துடச் சொல்றீங்களே."

"சிராய் குத்தாம இருந்தா சரி" என்று எழுந்துகொண்டார்.

அந்த வருஷம் அவருக்கு மோசமான வருஷம். ரிங்கு வேலை தரவில்லை. வீடு வீடாகப் போய்க் கதவு, ஜன்னல் ரிப்பேர் பார்த்துப் பட்டறையை மூடாமல் காப்பாற்றினார். சூடாமணி அடிப்பக்கத்து நிபந்தனையைக் குழுவில் வைத்தாள். ஸ்ரீரங்கன் இந்தத் தடவை நச்சரிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

மறுவருஷம் புது பெஞ்சுகள் வந்தன. சூடாமணி ஒவ்வொன்றின் அடியிலும் கைவிட்டுத் தடவிப் பார்த்தாள். எல்லாமே வழவழப்பு. எது யாருடையது என்று சத்தியமாகத் தெரியவில்லை. மனம் லேசாகி, தோன்றியபடி மதிப்பெண் போட்டாள்.

பெயர்களைப் பிரித்தபோது முதலில் வந்தவர் ஷரஃபுதீன். தலைமை ஆசிரியையும் ஸ்ரீரங்கனும் அவருக்கு அள்ளிக் கொடுத்திருந்தார்கள். மூவரில் அவருக்குக் குறைவாகப் போட்டிருந்தவள் சூடாமணிதான்.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பு வாசல் வரை கேட்டது.