ஆர்ச்சி மாற்றிய குழாய்

கிழக்கு லண்டனில் ஆர்ச்சி பிளம்லியைக் கேஸ்காரர் என்றால்தான் தெரியும். இளவயதிலிருந்து ஒரே வேலை: தெருவைத் தோண்டுவது, கேஸ் குழாயை இணைப்பது, மண்ணைத் தள்ளி மூடுவது. குண்டு விழுந்த தெருவுக்கு மறுநாளே போய் அடுப்பெரிய வைத்துவிடுவார். கைராசிக்காரர் என்று பேர்.

1944 செப்டம்பரில் ஒரு காலை, தன் தெருவிலேயே ஒரு குழாயை மாற்றினார். மாலையில் அபாயச் சங்கு ஊதவில்லை, விமானச் சத்தமும் இல்லை. ஒரே வெடியில் பாதித் தெரு இல்லாமல் போயிற்று. நண்பர் பெர்ஸியின் மகள் ஐவி துணி உலர்த்திக்கொண்டிருந்த இடத்தில் பெரும்பள்ளம். ஐவிக்கு ஞானத்தந்தை ஆர்ச்சிதான்.

தொப்பி வைத்த அரசாங்க அதிகாரி ஒருவர் வந்து பள்ளத்தை எட்டிப் பார்த்தார்.

"என்ன சார் இது?" என்று கேட்டார் ஆர்ச்சி.

"கேஸ் குழாய் வெடிச்சிருக்கு."

"காலையில நான்தான் சார் அதை மாத்தினேன்."

அதிகாரி குனிந்து தன் காலணியைப் பார்த்தார். "மேலிடத்துல அப்படித்தான் சொல்றாங்க. யார்கிட்டயும் பேசிட்டிருக்காதீங்க," என்று காரில் ஏறிப் போய்விட்டார். தான் ஏவியது எங்கே விழுந்தது என்று எதிரிக்குத் தெரியக் கூடாதாம். அதற்காக ஓர் அப்பாவியைக் கொலைகாரனாக்கலாம் போலிருக்கிறது. பத்திரிகைகளும் வாய் திறக்கவில்லை.

மற்ற பேட்டைகளிலும் 'கேஸ் குழாய்கள்' வெடித்தன. சனங்கள் என்ன முட்டாள்களா?

"ஜெர்மன்காரன் இப்ப பறக்கிற கேஸ் குழாய் விடுறான்டா!" என்று மதுக்கடையில் சிரித்தார்கள். ஆர்ச்சி நுழைந்ததும் சிரிப்பு நின்றுவிடும். மற்றவர்களுக்கு அது வேடிக்கை. ஆர்ச்சியின் தெருவிலோ குழாயைத் தொட்ட ஆள் கண்ணெதிரே நடமாடினார். மகளின் அடக்கத்துக்கு வராதே என்று பெர்ஸி சொல்லியனுப்பினார்.

மனைவி மேபல் ஆறுதல் சொல்லிப் பார்த்தாள். "வானத்திலேர்ந்து ஏதோ சத்தமில்லாம விழுதாம் ஆர்ச்சி. துறைமுகத்துல எல்லாரும் பேசிக்கிறாங்க."

"வதந்தியைக் கொண்டு வராதே. சர்க்கார் எதுக்கு மேபல் பொய் சொல்லப் போகுது?"

வதந்தி பரப்பாதே என்று சுவரெங்கும் ஒட்டியிருந்ததை அப்படியே பின்பற்றியவர். அந்த நேர்மைதான் அவருக்கு எமனாயிற்று. சொந்த வீட்டு அடுப்பைக்கூட மேபலைப் பற்றவைக்க விடவில்லை. இருவரும் ஆறிப்போன ரொட்டியைத் தின்றார்கள். குழாய்த் திருகியைப் பரணில் போட்டார். வேலையிலிருந்து நின்றுவிட்டார்.

நவம்பரில் பிரதமர் பாராளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார்: விழுந்துகொண்டிருந்தவை ஜெர்மன் ராக்கெட்டுகள். பெர்ஸி பத்திரிகையும் கையுமாக வந்து வாசலில் நின்று அழுதார்.

"நீ இல்லடா ஆர்ச்சி. ராக்கெட்டாம். வாய்க்கு வந்தபடி பேசிட்டேன், மன்னிச்சுடுடா."

ஆர்ச்சிக்குச் சந்தோஷம் வரவில்லை. "உன்னைச் சொல்லி என்னடா. இணைப்பைப் போட்டுட்டு சோப்பு நுரை தடவிப் பார்த்தேன் பெர்ஸி. ஒரு குமிழிகூட வரல, கசிவே இல்ல. என் கண்ணால பார்த்தேன். பார்த்தும் அந்தத் தொப்பிக்காரன் பேச்சைத்தான் நம்பினேன். ஐவியைக் கடைசியா ஒரு தடவை பார்க்கக்கூட வராம உட்கார்ந்திருந்தேனேடா."