இடது பக்கம் கொஞ்சம் இடம்

மீஞ்சூரைத் தாண்டி ஒரு சொந்தக்காரர் வீட்டு வளைகாப்புக்குப் போய்விட்டு ஸ்டேஷனுக்கு நடந்து வந்துகொண்டிருந்தேன். வயல் ஓரத்தில் ஒரு அம்மா மாட்டுக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, இடது பக்கம் எதையோ பார்த்தபடி நின்றிருந்தார். சாயங்கால வெயில் முகத்தில் விழுந்திருந்தது. “ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமாக்கா?” என்றேன். தலையை மட்டும் ஆட்டினார். முகத்தைத் திருப்பவில்லை. போனில் எடுத்துக்கொண்டு ரயிலைப் பிடிக்க ஓடிவிட்டேன்.

எனக்குத் திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டில் பில் போடும் வேலை. வீடு காலடிப்பேட்டை. போட்டோ எடுக்கிறவர்களின் வாட்ஸப் குழு ஒன்றில் இருக்கிறேன். அந்த மாதம் அங்கே கொடுத்திருந்த தலைப்பு ‘அந்தக் காலத்து கிராமம்’. என் படம் அதற்கென்றே அமைந்தது போலிருந்தது. ஒன்றுதான் இடித்தது. இடது ஓரத்தில் தார் ரோடு, அதற்குப் பின்னால் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள். அந்தப் பக்கத்தை அப்படியே வெட்டினேன். பழுப்பு நிறம் ஏற்றினேன். பழைய படம் மாதிரி கீறல்களும் போட்டேன். ஆனாலும் மனசு நிற்கவில்லை. ஆபீஸில் ஒரு பில்லுக்கும் அடுத்த பில்லுக்கும் நடுவில் போனைத் திறந்து திறந்து பார்த்தேன். எங்கேயோ உறுத்தியது, எங்கே என்று தெரியவில்லை.

பள்ளிக்கூடத்திலிருந்தே என் கூட இருப்பவள் ஒருத்தி, வண்ணாரப்பேட்டையில் ஒரு கடையில் கல்யாண ஆல்பம் செய்கிறாள். அவளிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

“இன்னாடி இது, டீயைக் கொட்டி வச்ச மாதிரி கீது?”

“பழசா தெரியணும்னு பண்ணேன்.”

“பழசுன்னா கலீஜா இருக்கணுமா? கீறலை எட்த்துடு. பாதி பழுப்பு போதும். மாட்டு வாலை வெட்டிட்ட, பாவம். அது பரவால்ல. இந்தம்மா இந்தப் பக்கம் பாக்குது, நீ மூக்குக்கு முன்னாடியே செவுரு கட்டி வச்சிக்கிற. பாக்கறதுக்கு எடம் குடுடி.”

“அந்தப் பக்கம் புகைபோக்கி இருக்கு.”

“அப்போ போய் வேற எடு.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ரயிலேறினேன். அந்த அம்மா வயலை ஒட்டியிருந்த தன் வீட்டு வாசலிலேயே இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய்த் தலை வாரி, வேறு புடவை கட்டிக்கொண்டு வந்தார். மாட்டையும் கழுவிவிட்டார். அதே வரப்பில் நிற்க வைத்தேன். தபாலாபீஸில் ஆதாருக்குப் படம் எடுக்க உட்கார்ந்தவர் போல விறைத்து நின்றார். வலது பக்கம் திரும்பச் சொன்னேன், குனியச் சொன்னேன், சும்மா நடக்கச் சொன்னேன். எடுத்துக்கொண்டே இருந்தேன். வெயில் ஏறியது, மாடு பொறுமையிழந்து இழுத்தது. ஒன்றிலும் உயிர் இல்லை.

சலித்துப்போய் வரப்பில் உட்கார்ந்து, “அன்னைக்கு அப்படி எதைப் பார்த்துகினு நின்னீங்கக்கா?” என்று கேட்டேன்.

“கம்பெனி பஸ்ஸைத்தாம்மா. என் பொண்ணு அதுலதான் வரும். அன்னிக்கு நேரமாயிடுச்சி, வரலை. வயித்துல நெருப்பைக் கட்டிகினு நின்னேன். நீ வேற வந்து போட்டோன்ற. நான் இன்னாத்த சொல்றது?”

அந்த முகத்தில் நான் அமைதியைப் பார்த்திருந்தேன். அதற்கு ‘காத்திருக்கும் மண்’ என்று ஒரு பெயர்கூட யோசித்து வைத்திருந்தேன்.

திரும்பும்போது ரயிலிலேயே வெட்டாத படத்தைத் திறந்தேன். இடது பக்கத்தில் வெறும் ரோடு. பஸ் இல்லை. அந்தக் காலி ரோட்டோடு சேர்த்துப் பார்த்தபோதுதான் முகத்திலிருந்த பதைப்பு எனக்குத் தெரிந்தது. ரோட்டையும் புகைபோக்கிகளையும் உள்ளே விட்டேன். வலது பக்கம் வீணாகக் கிடந்த வானத்தைக் குறைத்தேன். லேசான பழுப்பு மட்டும் வைத்துக் குழுவில் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் பதில்கள் வந்தன. ‘தலைப்புக்குப் பொருந்தவில்லை.’ ‘இடது பக்கத்தை வெட்டுங்கள்.’ ஒருவர் என்னைக் கேட்காமலே ரோட்டை அழித்து, புகைபோக்கிகள் இருந்த இடத்தில் பனைமரங்களை வைத்துத் திரும்பப் போட்டார். அதற்கு வரிசையாகக் கைதட்டல். பதில் எழுதினேன், அழித்தேன், மறுபடியும் எழுதினேன். தோழிக்குப் போன் போட்டேன்.

“வுடுடி பேஜாரு. அவுங்களுக்கு பனைமரம் வோணும், வச்சிகினாங்க. அந்தம்மாவுக்குக் காட்டினியா நீ?”

காட்டவில்லை. அவள் கடையிலேயே ஒரு பிரிண்ட் போட்டு, மறுபடியும் போனேன்.

மகள் அன்று வீட்டில் இருந்தாள், இருபத்திரண்டு வயது இருக்கும். அம்மா படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்து, “நான் இப்டியா கீறேன்?” என்று சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. வாங்கி, ரோட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“இது என்னிக்கு எட்த்தது?”

சொன்னேன்.

“பஸ் வழில நின்னுபோச்சே, அன்னிக்கா?” அம்மா பக்கம் திரும்பினாள். “ரோட்டைப் பாத்துகினு நிக்காதன்னு எத்தினி வாட்டி சொல்றேன்? போன் எதுக்கு வாங்கிக் குட்த்தேன்?”

“நீ எட்த்தாத்தானடி!”

மகள் விருட்டென்று உள்ளே போய்விட்டாள். வந்திருக்கவே கூடாதோ என்று நினைத்தேன். டீ போட்டுக்கொண்டு வந்தவள், கண்ணாடி டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, “போன்ல அனுப்புங்கக்கா, நான் வச்சிக்கறேன்” என்றாள்.

அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து அவளிடமிருந்து செய்தி வந்தது. ‘அக்கா, அம்மா கட்டிகிட்டிருந்த புடவை கிளிப்பச்சை. என் மொத சம்பளத்துல வாங்கினது. கலர்ல இருக்கறதும் அனுப்புங்க.’

அதையும் அனுப்பினேன். கலரில் அந்தப் பச்சை, புகை படிந்த சாம்பல் வானத்துக்கு எதிரே ‘பளிச்’ என்று நிற்கிறது. பழுப்பில் முகம் நன்றாக இருக்கிறது. எது சரி என்று இன்னும் முடிவு செய்ய முடியவில்லை. தோழியிடம் இரண்டையும் காட்ட வேண்டும். அவள் என்ன திட்டப்போகிறாளோ.