ரேடியேட்டரில் மஞ்சள்

மாத்தளையிலிருந்து புறப்பட்டு நாலந்தாவைத் தாண்டி, நாவுலைக்குப் போகும் வழியில் என் கார் நின்றுபோன அந்தக் காலையை நினைத்தால் முதலில் மூக்கில் ஏறுவது மஞ்சள் வாசம். பெட்ரோல் வாசமில்லை, கருகிய ரப்பர் வாசமுமில்லை, சமையலறை மஞ்சள். புகை அடங்கட்டும் என்று காத்திருந்துவிட்டு, பக்கத்து கராஜ்காரர் கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். பொங்கி வழிந்த தண்ணீர் பருப்புக் கறி நிறத்தில் இருந்தது. “மஹத்தயா, இதுக்குள்ள யாரு மஞ்சள் போட்டது?” என்று சிங்களத்தில் கேட்டார். ரேடியேட்டரில் ஓட்டை விழுந்தால் லொறிக்காரர்கள் மஞ்சள் தூளைக் கொட்டி அடைப்பார்களாம். கொஞ்ச தூரம் தாங்குமாம், பிறகு உள்ளே எல்லாவற்றையும் அடைத்து இஞ்சினையே தின்றுவிடுமாம். நான் போடவில்லை என்றேன். யார் போட்டது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. மூன்று மாதமாக அந்தக் கார் மச்சானின் கராஜில்தான் நின்றது.

எனக்குப் பறவைப் பைத்தியம். மாத்தளையில் கடை வைத்திருக்கும் மனிதன் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வயல்வெளியில் நின்றால் ஊர் சிரிக்கத்தானே செய்யும். சிரிக்கட்டும். மன்னாருக்கு வந்திறங்கும் பூநாரைக் கூட்டத்தை ஒரு தடவையாவது என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று பல வருடங்களாக ஆசை. அந்த வருடம் ஆசை அவசரமாகிவிட்டது. கண் டொக்டர் பரிசோதித்துவிட்டு, கண்ணுக்குள் அழுத்தம் ஏறிவிட்டது, பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டு வருகிறது, அடுத்த வருடத்துக்கு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தார். மூன்று மாதம் கழித்துச் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தார். அதற்கு முன் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்றுதான் வாப்பாவின் பழைய காரை மச்சானிடம் ஒப்படைத்தேன்.

மச்சான் என்றால் என் மனைவியின் நானா, கூடப்பிறந்த அண்ணன். இஞ்சின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லும் ஆள். என் கண் விஷயம் அவருக்கு முழுதாகத் தெரியும். சாவியைத் திருப்பித் தரும்போது பானெட்டில் ஒரு தட்டுத் தட்டி, “மன்னார் என்ன மச்சான், ரோட்டு மட்டும் இருந்தா மக்காவுக்கே போய்ட்டு வரலாம்” என்றார். தானும் வருவதாக இருந்தவர், புறப்படும் காலையில் இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று சொல்லி நின்றுவிட்டார். நானும் மனைவியும் மட்டும் கிளம்பினோம். பலாபத்வலயைக் கடக்கும்போது பாட்டுக்கூடப் பாடினேன், வெட்கங்கெட்டவன்.

தம்புள்ளையில் மரக்கறி இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பிய லொறியொன்று எங்களைக் கயிறு கட்டி இழுத்து வந்தது. கராஜ் வாசலில் மச்சான் நிமிர்ந்துதான் நின்றார். இடுப்பு நன்றாகவே இருந்தது. மஞ்சள் பிடித்த என் விரல்களை நீட்டிக் காட்டினேன். அப்போதுதான் வாயைத் திறந்தார்.

“கூட்டாளி மகன்ட கல்யாணம் மச்சான். மாப்பிள்ளைய ஏத்த பழைய கார்தான் வேணும்னாங்க. கல்யாண வீட்டுக்கு எப்பிடி இல்லன்னு சொல்றது? மெதுவா ஊர்வலம் போனதுல சூடேறி ரேடியேட்டர் வெடிச்சிட்டு. புதுசு தேடினேன், கிடைக்கல.”

“அத எனக்கிட்ட சொல்றதுக்கென்ன?”

“தம்புள்ள வரைக்கும் தாங்கும்னு நெனச்சேன்.”

தம்புள்ளை வரைக்கும்! மன்னார் வரைக்கும் என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாமே. நான் நடுவழியில் நிற்பேன் என்று தெரிந்தே, எந்த ஊரில் நிற்பேன் என்பதுவரை கணக்குப் போட்டுத்தான் அந்த மனிதர் என் கையில் சாவியைக் கொடுத்திருக்கிறார். பஸ்ஸில் போயிருக்கலாமே என்று பலரும் கேட்டார்கள். சத்திரசிகிச்சைக்கு மிஞ்சியிருந்த அந்த ஒரு வாரம் முழுக்க எனக்கு ஆத்திரத்தில் சோறே இறங்கவில்லை, பயணம் எங்கே? சத்திரசிகிச்சை முடிந்து கட்டு அவிழ்த்தபோது பறவைகள் போய்விட்டிருந்தன. அடுத்த வருடம் அவை வந்தன. என் கண் வரவில்லை.

மச்சானோடு பேச்சை நிறுத்தி நான்கு வருடமாகிறது. பெருநாளைக்கும் அவர் வீட்டு வாசலை மிதிப்பதில்லை. மனைவி மட்டும் போய்வருவாள். இப்போது எனக்கு நேரெதிரே ஒரு தட்டளவு உலகம்தான் தெரிகிறது. போன மாதம் சமையலறையில் தண்ணீர் எடுக்கப் போனபோது முழங்கை பட்டு ஏதோ போத்தல் விழுந்து உடைந்தது. வாசம் வந்ததும் தெரிந்துவிட்டது. “உங்க நானாட மருந்து” என்று வழக்கம்போல ஆரம்பித்து, வாயில் வந்ததெல்லாம் சொல்லி அவரைத் திட்டினேன். எப்போதும் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பவள் அன்று சொன்னாள்:

“போதும். அந்த மஞ்சளக் குடுத்தது நான்தான். தண்ணி ஒழுகுதுன்னு வந்து கேட்டாரு. உங்களுக்குத் தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் பேச்சு நின்னுடும்னு பயந்து சொல்லாம விட்டேன்.”

அப்படியானால் அன்று காலை, நான் பாடிக்கொண்டு ஓட்டியபோது, பக்கத்து சீட்டில் எல்லாம் தெரிந்துதான் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து போய்விட வேண்டும் என்று திரும்பினேன். இரண்டடி வைத்ததும் தோள் சுவரில் இடித்தது. அவள் வந்து என் கையைப் பிடித்தாள். உதறத்தான் நினைத்தேன். ஆனால் வாசல் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை.